பெயருக்குக் கீழே உள்ள இடம்

ஏரல் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சிவனணைந்தபெருமாள், மகள் அனுசியா பிறந்த அன்றே அவளுடைய கல்யாணப் பத்திரிகையை மனதுக்குள் அச்சடித்துவிட்டவர். நல்ல மனுஷர்தான், பத்திரிகை விஷயத்தில் மட்டும் பிடிவாதக்காரர். பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் எம்.எஸ்ஸி. என்று தங்க எழுத்தில் இருக்க வேண்டும். அண்ணன் மகள் சண்முகசுந்தரியின் பத்திரிகையில் எம்.எஸ்ஸி., எம்.பில். என்று பார்த்த நாளிலிருந்து அந்த ஆசை முற்றிப்போய்விட்டது.

அனுசியா தூத்துக்குடியில் பி.எஸ்ஸி. கணிதம் முடித்திருந்தாள். அப்பாவுக்காக எம்.எஸ்ஸி.க்கு விண்ணப்பம் போட்டாள். தனக்காக, துறைமுக மேலாண்மையில் ஓராண்டு முதுநிலை டிப்ளமோவுக்கும் போட்டாள். அதற்கு நுழைவுத்தேர்வு உண்டு. நான்கு மாதமாகக் கடையின் பின்கட்டில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, போனில் மாதிரித் தேர்வுகளாக எழுதித் தள்ளினாள். “எம்.எஸ்ஸி.க்குப் படிக்கா” என்று சரக்கு வாங்க வருகிறவர்களிடமெல்லாம் அப்பா பெருமையடித்தார். அவள் அதைத் திருத்தவில்லை. அது அவள் செய்த தப்பு.

வெள்ளிக்கிழமை இரண்டு தகவலும் சேர்ந்து வந்தன. எம்.எஸ்ஸி. கலந்தாய்வு ஞாயிறு காலை பத்து மணிக்குத் திருநெல்வேலியில். டிப்ளமோ நுழைவுத்தேர்வும் அதே ஞாயிறு, அதே பத்து மணி, தூத்துக்குடியில். ஒன்றுக்குப் போனால் மற்றது அந்த வருஷத்துக்குப் போச்சு. இனி மறைத்துப் பிரயோஜனமில்லை என்று, சனிக்கிழமை மத்தியானம் கடையில் கூட்டம் ஓய்ந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

“டிப்ளமோவா?” சிவனணைந்தபெருமாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏளா, பத்தாங்கிளாஸ் முடிச்ச பயலுவ படிக்கிறதுல்லா அது! டிகிரி முடிச்சவ எவளாவது கீழ எறங்கிப் படிப்பாளா?”

“இது டிகிரி முடிச்சாத்தான் சேரவே முடியும்ப்பா.”

“என்னமும் இருக்கட்டும். பத்திரிகையில டிப்ளமோன்னு போட்டா சொந்தக்காரன் சிரிக்க மாட்டானா?”

“யப்பா, எந்தக் கப்பல் எப்ப வரணும், எங்கன நிக்கணும், எத்தன மணி நேரத்துல சரக்க எறக்கிட்டுக் கெளம்பணும்... அது பூராவும் கணக்குதான். எனக்கு அங்க வேல பாக்கணும்ப்பா. ஆசையா இருக்கு.”

இதுவரை எதையும் ஆசை என்று கேட்டு நின்ற பிள்ளையில்லை அவள். அந்தச் சொல் அவருக்கு எங்கோ தைத்தது. ஆனால் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்தால் அவர் சிவனணைந்தபெருமாள் ஆவாரா? வாயால் சொன்னால் இவளுக்கு ஏறாது, கண்ணால் பார்க்கட்டும் என்று, ஆணியில் தொங்கிய மஞ்சள் பையைக் கழற்றிக் கல்லாப்பெட்டி மேல் கவிழ்த்தார்.

அத்தனையும் கல்யாணப் பத்திரிகைகள். கடைக்காரருக்கு ஊர்ப்பட்ட அழைப்பு வரும். எல்லாவற்றிலும் பிள்ளையாரோ முருகனோ இருப்பார், சாமி படத்தைக் குப்பையில் போட மனசு வருமா? ஆறேழு வருஷத்துப் பத்திரிகைகள் அப்படியே சேர்ந்து கிடந்தன.

“இந்தா பாரு, எம்.காம். இது எம்.எஸ்ஸி., பி.எட். பேருக்குப் பக்கத்துல எப்படி எடுப்பா இருக்கு பாரு!” என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தவர், சண்முகசுந்தரியின் பத்திரிகையைக் கண்டதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகவே படிக்க ஆரம்பித்தார்.

“மாப்பிள்ள பேரு, பி.இ. அதுக்குக் கீழ, பொறியாளர், கோயம்புத்தூர். நம்ம சுந்தரி, எம்.எஸ்ஸி., எம்.பில். அதுக்குக் கீழ...”

அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

அடுத்த பத்திரிகையை எடுத்தார். மாப்பிள்ளைக்குக் கீழே வங்கி. பெண்ணுக்குக் கீழே வெறும் தாள். அதற்கடுத்ததும் அப்படித்தான். இத்தனை வருஷம் இதே பத்திரிகைகளை எடுத்து எடுத்துப் பார்த்தவர், பேருக்குப் பக்கத்தைத் தாண்டிக் கண்ணை இறக்கியதே இல்லை.

போன ஆடியில் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த சண்முகசுந்தரி ஞாபகத்துக்கு வந்தாள். “சித்தப்பா, செத்த நேரம் கடையில நிக்கட்டுமா? அங்க வீட்டுக்குள்ளயே கெடந்து கிறுக்குப் பிடிக்கு” என்று கேட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் பருப்பு நிறுத்துப் போட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. “எம்.பில். படிச்ச பிள்ள நம்ம கடையில பருப்பு நிறுக்கா” என்று அன்றைக்கு வந்தவன் போனவனிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். இப்போது அதை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

பத்திரிகைகளைப் பையில் அள்ளிப் போட்டு மறுபடி ஆணியில் மாட்டினார். “நாளைக்கு ஏழு மணிக்குக் கெளம்பணும்” என்று மட்டும் அப்பா சொன்னார். எங்கே என்று சொல்லவில்லை.

ஞாயிறு காலை, சான்றிதழ் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மகளோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். திருநெல்வேலி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அனுசியா ஒருதரம் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் கக்கத்து ஃபைலைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பஸ்ஸின் படியில் காலை வைத்தாள்.

சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அழுதுகொண்டே படியேறுகிற பிள்ளையை அவரால் பார்க்க முடியவில்லை.

“அங்கன எங்க போற?” என்றார். “தூத்துக்குடி வண்டி இங்கன நிக்கு.”

அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் விறுவிறுவென்று போய் ஏறி, ஜன்னலோரம் அவளுக்கு இடம் பிடித்துவிட்டார். பஸ் புறப்பட்டு ஆற்றுப் பாலத்தைத் தாண்டியது. அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

“ஏளா, இதப் பத்திரிகையில எப்படிப் போடுவாங்க?”

“பி.எஸ்ஸி., பி.ஜி. டிப்ளமோன்னு போடலாம்ப்பா.”

“நான் படிப்பக் கேக்கல. அந்தக் கப்பலயெல்லாம் எப்ப வர, எப்ப போகன்னு சொல்லுத வேலைக்குப் பேரு என்ன?”

அனுசியா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். “அது... கொஞ்சம் நீளமான பேருப்பா” என்றாள்.

“நீளமா இருந்தா என்ன?” என்றார் சிவனணைந்தபெருமாள். “கீழ எடம் நெறையக் கெடக்கு.”