நாதம் தங்காத பியானோ

"பொண்ணா இது? கட்டைய ஒடைக்கிற மாதிரி குத்துறா. அதான் பியானோ செத்துப்போச்சு" என்றார் ராயபுரம் சர்ச் பங்கு மண்டபத்தின் செயலாளர் அருள்பிரகாசம்.

ஐரீன் சுவரோரம் தலைகுனிந்து நின்றாள். வெள்ளைக்காரன் போய்விட்டாலும் அவன் பியானோப் பரீட்சை போகவில்லை. மறுநாள் காலை லண்டனிலிருந்து வந்திருக்கும் பரீட்சைக்காரர் இங்கே வருகிறார்; ஐரீனும் அருள்பிரகாசத்தின் மகளும் இந்தப் பியானோவில்தான் வாசிக்க வேண்டும். தப்பு ஐரீன் மேல் என்று பியானோ ரிப்பேர்காரனான நான் சொல்லிவிட்டால் அவளுக்குப் பரீட்சை கிடையாது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. பியானோவைப் பார்க்க என்னை வரவழைத்துவிட்டுத் தீர்ப்பை இவரே சொல்கிறார்!

ஒரு கட்டையை அழுத்தினேன். 'டொக்'கென்று ஒலித்து உடனே அடங்கியது. கம்பியை அடிக்கும் சுத்திகளின் கம்பளி கெடவில்லை. ஒலியை அடக்கும் கட்டைகள் கம்பியை விட்டு ஒழுங்காக எழும்பின. அடிப்பலகையில் விரிசல் இல்லை. கடைசியில் கம்பியையே நகத்தால் சுண்டினேன். அப்போதும் அதே செத்த சத்தம். ஆக, கோளாறு கம்பியில்தான். தடவினேன், விரல் வழுக்கியது. முகர்ந்தேன். மீன் எண்ணெய்! படகுக்குப் பூசுகிற அதே சரக்கு. மீன் வாடை அடிக்கும் ராயபுரத்தில் அந்த வாடையை யார் தனியாகக் கண்டுபிடிப்பது?

ஐரீனைப் பார்த்தேன். அவள் பயந்துபோய் வாசலைப் பார்த்தாள். அங்கே அவள் அப்பா சவரிநாதன், கட்டுமரத்தில் போகிறவர், மகளுக்குத் துணையாக வந்து நின்றிருந்தார். எனக்கு விஷயம் புரிந்தது.

"என்னய்யா, ஒடைச்சிருக்காளா இல்லையா?" என்றார் அருள்பிரகாசம்.

"உப்புக்காத்து சார். தொடைச்சா பெரும்பாலும் சரியாயிடும்." கூசாமல் பொய் சொல்லிவிட்டு, ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைக்கத் தொடங்கினேன்.

"சார், இன்னா சார் பண்றே? தொடைக்காதே!" சவரிநாதன் ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "துரு புடிக்கக் கூடாதுன்னு நாந்தான் தெனம் பூசிக்கினு கீறேன். எம் பொண்ணு வாசிக்கிற சாமான் சார் இது!"

ஐரீன் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பனும் மகளும் வெளியே போங்க" என்றார் அருள்பிரகாசம்.

துணியைப் பெட்டிக்குள் எறிந்தேன். "அவ நாளைக்கு வாசிச்சாத்தான் நான் வேலை பார்ப்பேன். இல்லேன்னா உங்க பொண்ணும் இந்த எண்ணெய்க் கம்பியிலதான் பரீட்சை கொடுக்கணும்."

அவர் முகம் சுருங்கியது. "தொடைங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

சவரிநாதன் மெல்லக் கேட்டார்: "நான் பூசினதாலயா சத்தம் செத்துச்சு?"

நான் பெட்டியைத் திறந்து துணிகளை நனைத்தேன். ஐரீன் ஒரு துணியை எடுத்து அவர் கையில் வைத்தாள். "வா நைனா, சேர்ந்து தொடைக்கலாம்."

அவருக்குக் கம்பியைத் தொடவே கை வரவில்லை.