ஒற்றைக் கதிர்

டாக்டர் கலியபெருமாளுக்குத் தன் மனைவி மேல் பொறாமை. வெளியே சொன்னால் வெட்கக்கேடு, சொல்லாவிட்டால் வயிற்றெரிச்சல்.

பூதலூரில் கிளினிக் ஒன்றுதான், அறைகள் இரண்டு. முதல் அறையில் குழந்தை வைத்தியரான அவர். அடுத்த அறையில் நீலாயதாட்சி, சென்னை போய்க் குழந்தைகளின் நுரையீரலுக்கென்றே தனியாகப் படித்துவிட்டு வந்தவள். வருகிற தாய்மார்கள் அவர் அறையில் எட்டிப் பார்த்து, "அம்மா இல்லீங்களா?" என்பார்கள். என்னவோ அவர் வாட்ச்மேன் மாதிரி!

போதாததற்கு அவளுடைய ஆராய்ச்சி. அறுவடைக் காலத்தில் பிள்ளைகளுக்கு ஏன் இத்தனை இருமல் என்று களம் களமாகத் திரிந்தாள். மூச்சுக்குழாயில் நெல்லும் பதரும் சிக்குவதைப் பற்றி அவள் எழுதிய கட்டுரையை மாநாட்டில் படிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். "பதர் டாக்டர்" என்று அவர் கேலி செய்தார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவரை இன்னும் எரித்தது.

அதனால்தான் அவருடைய அப்பாவின் வயல்களில் கூலிவேலை செய்யும் அமிர்தத்தின் மகள் மலர்கொடியை அவள் கண்ணில் காட்டாமல் தானே பார்த்துவந்தார். தாளடி நெல் அறுப்பில் பிடித்த இருமல். பிரைமரி காம்ப்ளெக்ஸ், பிள்ளைகளுக்கு வரும் காசம் என்று மாத்திரை கொடுத்தார். மாதக்கணக்காகியும் எக்ஸ்ரேயில் நிழல் கலையவில்லை, பிள்ளை துரும்பாகிப்போனது. தப்பு செய்கிறோம் என்று உள்மனசுக்குத் தெரிந்தது. ஆனால் பெண்டாட்டி திருத்தினாள் என்று ஊர் பேசுமே!

ஒருநாள் பெஞ்சில் காத்திருந்தபோதே பிள்ளை இருமி, ரத்தம் துப்பியது. நீலாயதாட்சி ஓடிவந்து தூக்கினாள். தாயையும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினாள். அவர் வெளியே நின்றார். உள்ளே கிசுகிசுப்பு.

"நெல்லுக் கதிருங்க. துண்டு உள்ள போயிருக்கு. முள்ளு மாதிரி சுணை இருக்கறதால வெளிய வராது, உள்ளதான் ஏறும்" என்றபடி வந்தாள். "தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்க் குழாய் விட்டு எடுத்துடலாம். எந்த வயல்னு மட்டும் கேக்காதீங்க."

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கதிரை வெளியே எடுத்துவிட்டார்கள். பிள்ளை சீராக மூச்சு விட்டுத் தூங்கியது. கலியபெருமாளுக்குத்தான் ஆறவில்லை. வார்டில் அமிர்தத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அவகிட்டச் சொன்னதை என்கிட்ட ஏன் சொல்லலை? நான் என்ன டாக்டர் இல்லையா?"

அமிர்தம் மகளைப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்தாள்.

"புள்ளை பொழைச்சிடுச்சு, இனிமே கேசு போட்டாலும் போடுங்க. உதயசூரியன் ஆட்சி வந்தும் கூலித் தகராறு ஓயலையே. உங்கப்பா வெளியூர் ஆளுங்களை அறுப்புக்கு எறக்குனாங்க. நாங்க கொடி புடிச்சோம். எங்க மடியில ஒரு கதிரு இருந்தாலும் திருட்டுக் கேசு. பாப்பா வரப்புல கெடந்ததை வாயில வச்சுக்கிட்டிருந்துச்சு. போலீசு வந்ததும் தூக்கிட்டு ஓடுனேன், பொறை ஏறிடுச்சு. அது உங்க வயக் கதிரு, சின்னய்யா. உங்ககிட்ட எப்படிங்க சொல்றது?"

"அவளும் எங்க வீட்டு மருமகதானே?"

"பெரியய்யா காதுக்குப் போவாதுன்னு புள்ளை தலையில கைவச்சுச் சத்தியம் பண்ணாங்க."

இத்தனை நாளாக அவள் படிப்பைப் பார்த்தல்லவா அவர் வெந்துகொண்டிருந்தார். பிள்ளை எதை வாயில் வைத்திருந்தது என்று அவள் கேட்ட கேள்வியை அவரும் கேட்டிருக்கலாம். அவருக்குப் பதில் கிடைத்திருக்காது.