மாமா வந்த ரிசப்ஷன்

செம்பாக்கத்தில் பென்னியைப் பார்க்கிற எவனும் பென்னியைப் பற்றி விசாரிக்க மாட்டான். டீக்கடையானாலும் சரி, சர்ச் வாசலானாலும் சரி, ஒரே கேள்விதான். "ஏகா மாமா நேர்ல எப்டிப்பா?" பென்னியும் சளைக்காமல் ஒரே பதிலைச் சொல்லிவந்தான். "தங்கமான மனுஷன்பா. டிவில பாக்கறது கொஞ்சம்தான்."

அண்டப்புளுகு! ஏகநாதனுக்குக் கார் ஓட்டப் போன முதல் வாரத்திலேயே அந்தத் தங்கம் எத்தனை காரட் என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்தும் சொன்னான். முதலாளி தங்கமாக இருந்தால்தானே ஓட்டுகிறவன் மேலும் கொஞ்சம் மினுக்கு ஒட்டும்? பித்தளைக்குக் கார் ஓட்டுகிறேன் என்று எந்த மடையன் ஊரில் சொல்லிக்கொண்டு திரிவான்?

ஏகநாதனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் டிவியில் 'மாமா வந்தாச்சு' என்று ஒரு நிகழ்ச்சி. தகப்பன் இல்லாத பெண், கூலிக்காரர் மகள் என்று யாராவது ஒருத்தியின் வீட்டுக்கு ஏகநாதன் தட்டுத் தட்டாகச் சீர் தூக்கிக்கொண்டு போவார். "இன்னா மருமகளே, மாமன மறந்துட்டியா?" என்று தெருமுனையிலேயே ஒரு சவுண்டு. சிரிக்க வைப்பார், பிறகு அழ வைப்பார், கடைசியில் தானும் அழுவார். தமிழ்நாட்டில் பாதி வீட்டுக்கு அவர்தான் தாய்மாமன்.

காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினால் மாமா காணாமல் போய்விடுவார். அப்புறம் 'இன்னா'வும் கிடையாது, 'கீது'வும் கிடையாது, இங்கிலீஷும் எரிச்சலும்தான். நம்பரைக் கூட்டினால் ஒன்பது வர வேண்டும் என்று அலைந்து வாங்கிய கறுப்பு ஜெர்மன் கார் அது. அதை ஓட்டுகிறவனிடம் வாய் திறந்து பேசுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். பின்னால் இருந்தபடி டிரைவர் சீட்டில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்த வேண்டும். ரசிகர்கள் நிற்கிறார்கள், ஒரு கை நுழையும் அளவுக்குக் கண்ணாடியை இறக்க வேண்டும். இரண்டு தட்டு தட்டினால் கிளம்ப வேண்டும், யார் கை உள்ளே இருந்தாலும் சரி. கண்ணாடி ஏறியதும் சானிடைசர் பாட்டிலைப் பின்னால் நீட்ட வேண்டும். "அந்தப் பொம்பள கைல மீன் நாத்தம்டா, சை!" என்று முழங்கை வரைக்கும் தேய்த்துக்கொள்வார். கொஞ்ச நேரம் முன்பு அந்தக் கையைத்தான் கண்ணில் ஒற்றியிருப்பார்.

படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்று சும்மாவா சொன்னார்கள்? ஆனால் பென்னி இதில் ஒரு வார்த்தையைக்கூட வெளியே விட்டதில்லை. மனைவி எப்சியிடமும் சொன்னதில்லை. அவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த நிகழ்ச்சியைப் பார்த்து மூக்கைச் சிந்துகிறவள்.

இப்படி இருக்கையில், மகள் ஜென்சிக்கு ஊரப்பாக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கு ஐடி கம்பெனியில் வேலை. அப்பா ஜெபசீலன் ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர், அந்தப் பக்கத்து சர்ச்சில் பெரிய ஆள். பெண்ணைப் பிடித்திருந்தது. பெண்ணின் அப்பன் டிரைவர் என்பதுதான் அவர் தொண்டையில் முள்ளாக நின்றது. "யோசிச்சுச் சொல்றோம்" என்று போனவர் அப்புறம் போனையே எடுக்கவில்லை. ஜென்சி சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள், அந்தப் பையனை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஏகநாதன் காரில் போய்க்கொண்டே போனில் ரசிகர்களோடு லைவ் பேசினார். யாரோ டிரைவரைக் காட்டச் சொன்னார்கள். அவர் போனை முன்பக்கம் திருப்பினார். "இவன்தான் நம்ம பென்னி. இவன் பொண்ணு எனக்கு மருமக. அவ கல்யாணத்துல மாமன் வந்து நிப்பேன், என் கையால மால போடுவேன். இன்னாடா பென்னி?" பென்னிக்குக் கண் கலங்கிவிட்டது. லைவ் முடிந்ததும் பின்னால் இருந்து குரல் வந்தது. "கண்ணத் தொடைச்சிட்டு ரோட்டப் பாத்து ஓட்டு."

அன்றைக்குச் சாயங்காலமே ஜெபசீலன் கூப்பிட்டார். எடுத்த எடுப்பிலேயே "சம்பந்தி" என்றார். கல்யாணம் குதிர்ந்தது இப்படித்தான். அப்புறம் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு ஒரே சந்தேகம். "அவர் கண்டிப்பா வருவாருல்ல? எங்க சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், அசிங்கமாயிடக் கூடாது."

பென்னி நினைத்திருந்தால் அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு புரளவில்லை. "சொன்னா சொன்னதுதான் சார். தங்கமான மனுஷன்" என்றான். பழக்க தோஷம்.

ஜெபசீலன் சும்மா இருப்பாரா? மண்டப வாசலில் ஆளை விழுங்குகிற உயரத்துக்கு பிளக்ஸ் வைத்துவிட்டார். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு மூலையில் பாஸ்போர்ட் போட்டோ மாதிரி. நடுவில் கும்பிட்டபடி ஏகநாதன். 'மருமகளை வாழ்த்த வரும் தாய்மாமனே, வருக! வருக!' பென்னி அதை நிமிர்ந்து பார்த்துக் கணக்குப் போட்டான். மாமா வராவிட்டால் ஜென்சி அந்த வீட்டில் காலமெல்லாம் டிரைவர் மகளாகத்தான் குப்பை கொட்ட வேண்டும். அவள் அப்பன் புளுகன் என்ற பட்டமும் கூடச் சேரும்.

காலையில் சர்ச்சில் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் ரிசப்ஷன். அதே சாயங்காலம் தாம்பரத்தில் ஒரு நகைக்கடைத் திறப்பு விழா, ஏகநாதன்தான் ரிப்பன் வெட்டுகிறார். அவருடைய மேனேஜர் பிரணவ் போன் போட்டான். "பென்னி அண்ணா, வேற டிரைவர்னா சாருக்கு ஒத்துக்காது. நீங்களே வந்துடுங்க. கடைய முடிச்சிட்டு நேரா உங்க மண்டபம்தான். சார் வீட்டுக்குப் போற வழிதானே?"

வழிதான். தாம்பரத்திலிருந்து கேம்ப் ரோடு, செம்பாக்கம், மேடவாக்கம் என்று போய்த்தான் கடற்கரைப் பக்கத்து பங்களாவைப் பிடிக்க வேண்டும். எப்சி மட்டும் ஒப்பவில்லை. "பொண்ணப் பெத்தவன் ஸ்டேஜ்ல இல்லாம கார் ஓட்டினு போறியே, வெக்கமா இல்ல?"

"நான் போனாத்தான்டி அவரக் கூட்டினு வர முடியும்."

"அவரு சொன்ன வாக்க மீற மாட்டாரு. நீ லேட் பண்ணாம இரு, அது போதும்" என்றாள் எப்சி. கல்யாணக் கோட்டைக் கழற்றாமலே பென்னி ஸ்டியரிங் பிடிக்கப் போனான்.

நகைக்கடை வாசலில் ஏகநாதன் வழக்கம்போல ஊரையே சிரிக்க வைத்தார், குழந்தையை வாங்கிக் கொஞ்சினார், துப்புரவு வேலை செய்யும் பெண்ணை அழைத்து அவள் கையால் குத்துவிளக்கு ஏற்ற வைத்தார். ஜனம் விசில் அடித்தது. காருக்குள் வந்து விழுந்ததும் சால்வைகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, "ஹோம்" என்றார்.

"சார், ரிசப்ஷன்..." என்றான் பென்னி.

"என்ன ரிசப்ஷன்?"

முன் சீட்டில் இருந்த பிரணவ் முணுமுணுத்தான். "அவர் பொண்ணுக்கு சார். லைவ்ல நீங்க சொல்லியிருந்தீங்க."

"லைவ்ல ஆயிரம் சொல்வேன். அதுக்குன்னு கண்ட மண்டபத்துல போய் நிக்கச் சொல்றியா? எனக்குத் தலை வலிக்குது. வாய்ஸ் மெசேஜ் ஒண்ணு போட்டு விடு."

"சார், ஸ்டேஜ் ஏறக்கூட வேணாம் சார். வாசல்ல நின்னு ஒரு கும்பிடு போட்டாப் போதும். எம் பொண்ணு வாழ்க்க சார்" என்று பென்னி கெஞ்சினான். கண்ணாடியில் பார்த்தான், அவர் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டிருந்தார்.

கேம்ப் ரோட்டில் டிராபிக் கழுத்தை நெரித்தது. ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி கார் ஊர்ந்து ஊர்ந்து செம்பாக்கத்துக்கு வந்தது. மண்டபத்தின் சீரியல் பல்பு தெரிந்தது. வாசலில் ஜெபசீலன் தன் சொந்தக்காரர்களோடு ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் அந்தப் பிளக்ஸ்.

ஏகநாதன் இயர்போனைப் பிடுங்கினார். "ஏய், அது என் மூஞ்சிதானே? யாரக் கேட்டு வெச்சான்?" டிரைவர் சீட்டில் ஒரு தட்டு விழுந்தது. பென்னி நிறுத்தினான். ஒரு நொடி அவனுக்கு உயிர் வந்தது. இறங்கப் போகிறார்!

"பிரணவ், வேற மண்டபத்து விளம்பரத்துல நான் நடிக்கிறேன். அவங்க கண்ணுல இது பட்டா என்னடா ஆகும்? இப்பவே அதக் கிழிக்கச் சொல்லு. பென்னி, உன் ஆளுங்கதானே? போன் பண்ணிக் கிழிக்கச் சொல்லு."

பெற்ற மகளின் கல்யாண போர்டைக் கிழிக்கச் சொல்கிறான், பாவி! பின்னால் இருந்து இரண்டு தட்டு விழுந்தது. கிளம்பு என்று அர்த்தம். பென்னி அசையவில்லை. மறுபடியும் இரண்டு தட்டு, இந்தத் தடவை முதுகில் குத்துகிற மாதிரி.

பென்னி ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தான். கார் மண்டப கேட்டுக்குள் நுழைந்தது. ஹாரனில் வைத்த கையை அவன் எடுக்கவே இல்லை.

"டேய் நாயே, என்னடா பண்றே? ரிவர்ஸ் எட்ரா!"

எங்கே எடுக்க? பேண்ட் செட்டுக்காரர்கள் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். முன்னாலும் பின்னாலும் ஜனம் அப்பிக்கொண்டது. கண்ணாடியெல்லாம் முகமும் போனும். "மாமா! மாமா!" ஜெபசீலன் பொக்கேயைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

ஏகநாதன் ஒரு கெட்ட வார்த்தையைப் பல்லுக்குள் அரைத்துத் துப்பினார். கதவைத் திறந்தார். கால் தரையில் படுவதற்குள் முகம் மாறிவிட்டது.

"இன்னா மருமகளே! மாமன் வராம உன் கல்யாணமா?"

அடடா, அன்றைக்கு அந்த மேடையில் அவர் செய்ததைப் பார்த்திருக்க வேண்டும்! கல்யாண வீட்டிலே கட்டி அழுகிறவள் இழவு வீட்டிலே விட்டுக் கொடுப்பாளா? மாலையைத் தன் கையால் எடுத்து ஜென்சிக்கும் மாப்பிள்ளைக்கும் போட்டார். மாப்பிள்ளையின் காதைத் திருகி, "எம் மருமக கண்ணு கலங்குச்சு, ஊரப்பாக்கம்னு பாக்க மாட்டேன், வூடு பூந்து வருவேன்" என்றார். மண்டபம் சிரித்துச் சாய்ந்தது. அப்புறம் மைக்கைப் பிடித்துக் குரலை இறக்கினார்.

"எல்லாரும் பென்னிய என் டிரைவர்ன்றாங்கோ. இல்ல. என் கூடப் பொறக்காத தம்பி. நான் தூங்கசொல்ல என் உயிரு இவன் கைல கீது."

ஜெபசீலன் கண்ணைத் துடைத்தார். எப்சி தேம்பினாள். இதைக் கேளுங்கள், பென்னிக்கே ஒரு கணம் நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. மனுஷன் மனசு மாறிவிட்டானோ என்று நினைத்தான். அவ்வளவு சுத்தமான நடிப்பு. ஏகநாதன் இரண்டு கையையும் விரித்தார். பென்னி போய் ஒட்டிக்கொண்டான். பிளாஷ்கள் மின்னின. காதோரம் அந்தச் சிரிப்பு கலையாமலே குரல் வந்தது.

"சாவிய பிரணவ் கைல குடு. இனிமே என் கண்ணுல பட்டே, இந்த ஊர்ல எந்த ஸ்டியரிங்கயும் உன்னத் தொட விட மாட்டேன்."

பென்னியின் கண்ணில் நீர் முட்டியது. "பாரு, ஆனந்தக் கண்ணீர்!" என்றார்கள் கீழே.

கார் கிளம்பியது. பிரணவ் ஓட்டினான். ஏகநாதன் காரின் கூரைக் கண்ணாடியைத் திறந்து எழுந்து நின்று, கேட்டைத் தாண்டும் வரைக்கும் கும்பிட்டுக்கொண்டே போனார்.

"சம்பந்தி!" ஜெபசீலன் பென்னியின் கையை விடவே இல்லை. "இப்படி ஒரு மனுஷன் கூட இருக்க நீங்க குடுத்து வெச்சிருக்கணும். டிரைவர்னு நான் கொஞ்சம் யோசிச்சேன், உண்மைய ஒத்துக்கறேன். எங்க சின்னவனுக்கு நடிப்புல ஆசை. அடுத்த வாரம் கூட்டிட்டு வரேன், நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்." ஜென்சி மேடையிலிருந்து அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பென்னி பார்த்ததே இல்லை. அந்தச் சிரிப்புக்காகத்தான் எல்லாம். சரி, அது கிடைத்துவிட்டது.

ஆனால் நெஞ்சு தாங்கவில்லை. ஒருத்தரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். சாப்பாட்டு ஹால் படிக்கட்டுப் பக்கம் எப்சியைத் தனியாக இழுத்துப் போனான்.

"எப்சி, என்ன வேலைய வுட்டுத் தூக்கிட்டாருடி."

"ஆரு?"

"அவருதான். கட்டிப் புடிச்சினே காதுல சொன்னாரு. வர மாட்டேன்னுதான் சொன்னாரு, நான்தான் வண்டிய உள்ள வுட்டேன். நாயேன்னாருடி என்ன."

எப்சி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அழுது சிவந்த கண் இன்னும் காயவில்லை. அவள் முகத்தில் முதலில் பயம் வந்தது, அப்புறம் ஆத்திரம் வந்தது.

"ஊரே கையெடுத்துக் கும்பிடற மனுஷன். தங்கம், தங்கம்னு இத்தினி வருசமா நீதான சொல்லினு இருந்த? அப்பேர்ப்பட்டவரே உன்ன வேணாம்னு சொல்றாருன்னா, நீ இன்னாய்யா பண்ணித் தொலச்ச?"

பென்னி வாயைத் திறந்தான். இத்தனை வருஷம் சொன்னதில் எதை முதலில் இல்லை என்று சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. "பொண்ணோட அப்பா அம்மா, போட்டோவுக்கு வாங்க!" என்று மேடையிலிருந்து கூப்பிட்டார்கள். எப்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு விடுவிடுவென்று முன்னால் போனாள். பென்னி பின்னால் போய் மேடை ஏறி அவள் பக்கத்தில் நின்றான். அவள் ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டாள்.