எஃபியின் கைக்கு ஆறு பிடிகள்

எஃபி கார்ஸ்டேர்ஸும் நானும் இருபத்தாறு வருடம் செவ்வாய்க்கிழமைதோறும் சேர்ந்து கோல்ஃப் ஆடிய தோழிகள். ஃபைஃப் கடற்கரையில் எங்கள் ஊர் மைதானத்துக்கு ஒன்பதே குழிகள். அவள் வீடு வீடாகப் போய் ஊசி போடும் நர்ஸ். எனக்குத் தபால் நிலையத்தில் வேலை. செவ்வாய் மதியம் இருவருக்கும் ஓய்வு. மழை பக்கவாட்டில் அடித்தாலும் போவோம். மூன்றாவது குழிக்குப் பக்கத்துக் கற்சுவரின் மறைவில் உட்கார்ந்து சீஸ் வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டு ஊர்க்கதை பேசுவோம். எந்த வருடம் யார் ஜெயித்தோம் என்பதெல்லாம் மறந்துவிட்டது. டீ ஊற்றும்போது பிளாஸ்க் மூடியை அவள் முழங்காலில் இடுக்கிக்கொள்வது மட்டும் அப்படியே கண்ணில் நிற்கிறது.

தொண்ணூற்று நான்கில் மூட்டுவாதம் அவள் விரல்களில் இறங்கியது. மட்டையை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. பந்தை அடிக்கும்போது அது கைக்குள்ளேயே சுழன்றுவிடும். அந்த இலையுதிர் காலத்தோடு ஆட்டத்தை நிறுத்திவிட்டாள்.

மூன்றே வாரம் கழித்து, ஊருக்குப் புதிதாக வந்திருந்த வங்கி மேலாளரின் மனைவியோடு நான் ஆடப் போனேன். எஃபியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் முதல் குழி நேராகத் தெரியும். அதற்குப் பிறகு ரொட்டிக் கடையில் எதிர்ப்பட்டால் மழையைப் பற்றிப் பேசுவோம், அவ்வளவுதான். இரண்டரை வருடம் அப்படியே போனது.

என் அண்ணன் ஆர்ச்சி நியூசிலாந்துக்கு மகளோடு இருக்கப் போனபோது தன் மட்டைப் பையை என் கொட்டகையில் விட்டுப் போயிருந்தான். இளவயதில் மீனுக்குப் புகை போடும் இடத்தில் கை வெந்து அவனுக்கு விரல்கள் சரியாக மடங்காது. அதனால் தடித்த, மெத்தென்ற ரப்பர் பிடிகளைப் போட்டிருந்தான். ஒருமுறை எஃபி அவன் மட்டையை வாங்கிப் பிடித்துப் பார்த்து, இது கையில் தானாக உட்காருகிறதே என்றிருந்தாள். கொட்டகையைச் சுத்தம் செய்தபோது எனக்கு அது நினைவு வந்தது. எஃபிக்காக டண்டீ நகர விளையாட்டுக் கடையில் அதே பிடிகளை விசாரித்தேன். அந்த ரகம் இப்போது வருவதில்லை என்றார்கள். மட்டைகளையே கொடுத்துவிடலாம் என்றால் அண்ணன் ஆறடி, எஃபி ஐந்தடிகூட இல்லை. பிடிகளை மட்டும் கழற்ற முடியுமா என்று ஆர்ச்சிக்குப் போன் செய்தேன்.

"கத்தியை மட்டும் வைக்காத, நெட்டா, வெட்டினா அப்புறம் எதுக்கும் ஆகாது," என்றான். "ஊசியால உள்ள தின்னர் ஏத்து. பசை இளகும். இளகினதும் முறுக்கி இழு."

ஏப்ரல் மாதக் காலை ஒன்றில் தின்னர், சிரிஞ்ச், டேப் எல்லாம் எடுத்துக்கொண்டு, ஆர்ச்சியின் பையைத் தோளில் போட்டுக்கொண்டு எஃபி வீட்டுக் கதவைத் தட்டினேன். என்ன விஷயம் என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தாள். ஷூவைத் துடைத்துவிட்டு வரச் சொன்னாள்.

சமையலறை மேசையில் ஆர்ச்சியின் மட்டையைத் துணி சுற்றி இடுக்கியில் இறுக்கினோம். முதல் பிடியில் நான்தான் ஊசியைக் குத்தினேன். அது கோணலாக ஏறி ரப்பரை லேசாகக் கீறியது; தின்னர் பீறிட்டு எஃபியின் தலைமுடியில் தெறித்தது.

"குடு இங்க," என்று சிரிஞ்சைப் பிடுங்கினாள். "இந்த ஊர்ல பாதிப் பேரோட பின்பக்கத்தைப் பாத்தவ நான். ரப்பரைப் பாத்தா பயந்துடுவேன்?"

விரல்கள் வளையவில்லை என்பதால் சிரிஞ்சின் தண்டை உள்ளங்கையால் அழுத்தினாள். விரற்கடைக்கு ஒரு குத்து. ரப்பர் மெல்ல உப்பியது. நான் முறுக்கி இழுத்தேன். பிடி சொத்தென்று கழன்று என் கையோடு வந்தது. இருவரும் அதை ஏதோ பிறந்த குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டு நின்றோம். இன்னும் ஐந்தைக் கழற்றினோம். ஆறு போதும் என்றுவிட்டாள். உட்புறத்தைத் துடைத்து, ஜன்னலோரம் வரிசையாகக் காய வைத்தோம்.

அவளுடைய மட்டைகளிலிருந்து பழைய பிடிகளை அறுத்தெறிந்துவிட்டு டேப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான் அவள் பேசினாள்.

"மூணு வாரம். அதுகூட உனக்குப் பொறுக்கல."

என் கை நின்றுவிட்டது. "உங்கிட்ட சொன்னா, நீ இனிமே ஆடவே மாட்டேங்கிறது நிஜமாயிடும்னு தோணுச்சு. அதான் சொல்லல."

"நீ போடின்னுதான் சொல்லியிருப்பேன். அதைச் சொல்லக்கூட என்னை விடலையே நீ."

தப்புத்தான் என்றேன். அவள் டேப்பை இரண்டு சுற்றாக ஒட்டச் சொன்னாள். அவளுடைய மட்டைத் தண்டுகள் ஆர்ச்சியுடையவற்றைவிட மெல்லியவை; பிடி இறுக அந்தத் தடிப்பு வேண்டும். டேப்பில் தின்னர் தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பிடியை ஒரே தள்ளாகத் தள்ளினேன். பிடி நேராக இருக்கிறதா என்று அவள் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துச் சொன்னாள். ஆறும் ஏறி முடிந்தபோது நண்பகல் தாண்டிவிட்டது. சூப்பைச் சுடவைத்து, கேட்காமலே எனக்கும் ஒரு கிண்ணம் வைத்தாள்.

அடுத்த செவ்வாய் முதல் குழியில் நின்றாள். பந்தின் உச்சந்தலையில்தான் பட்டது. நாற்பது கெஜம் உருண்டு ஓடியது. ஆனால் மட்டை சுழலவில்லை. அவள் பந்தைப் பார்க்காமல் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேண்டுமென்றே கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்றைக்கு மூன்று குழிகள். கோடை முடிவதற்குள் ஐந்து. வங்கி மேலாளரின் மனைவியும் எங்களோடு சேர்ந்துகொண்டாள். என்னைவிட எஃபியைத்தான் அவளுக்கு அதிகம் பிடித்துப்போனது. நான்கு கோடைகள் அப்படிப் போயின. அதற்கு முந்தைய இருபத்தாறு வருடத்தைவிட அந்த நான்கும்தான் எனக்கு அடிக்கடி நினைவு வருகின்றன.

எஃபி இப்போது கூப்பர் ஊரில் அக்கா மகள் வீட்டில் இருக்கிறாள். நான் போன் செய்தால் முதலில் இன்றைக்குக் காற்று எந்தப் பக்கம் என்றுதான் கேட்பாள். தெற்கு என்று சொன்னால், "அப்ப பந்து நல்லாப் போகும்," என்பாள்.