டெல்மர் யேட்ஸ் இறக்காத கொடி

டெல்மர் யேட்ஸ் கொடியை இறக்காததால், குதிரைமேல் போய்க் காளையைக் கயிறு வீசிப் பிடிக்கும் ட்ரை க்ரீக் ரோடியோ பந்தயத்தில் ஒரு ஜூலை மாதம் தொடங்கிய ஓட்டம் பல வருடங்கள் முடியவே இல்லை. கொடி இறங்கினால்தான் ஓட்டம் முடிந்தது. அதுவரை விழுந்தவன் விழுந்தவன் இல்லை, ஜெயித்தவன் ஜெயித்தவனும் இல்லை. வயோமிங்கில் கைக்குழந்தைக்கும் தெரிந்த சட்டம் இது. வழக்கமாகக் கொடி பிடிக்கிறவர் மழைக்கு முன் புல்கட்டு ஏற்றப் போய்விட்டார். அதனால் மைதானத்துக்குள் குதிரைமேல் கொடியைத் தூக்கிக்கொண்டு நின்றது டெல்மர். காளைக்குக் கயிறு வீச வந்ததோ அவருடைய ஒரே மகன் எம்மெட். அடுத்ததாகக் கயிறு வீசத் தன் முறைக்காகக் காத்திருந்த டீன் ஹாஃப்மனுக்கு வாய் சும்மா இருக்குமா? “மகன் ஓட்டத்துக்கு அப்பனே கொடியா? அப்ப பரிசை நேரா உங்க வீட்டுலயே கொண்டுவந்து வச்சிடறோம்” என்றான். டெல்மருக்குச் சுருக்கென்றது. மகனுக்கு ஒரு நொடிகூடச் சலுகை கிடையாது என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். பாவம் மனுஷன்.

எங்கள் பக்கம் கயிற்றின் மறுமுனையைச் சேணத்துக் குமிழில் முடிந்துவிடுவோம். காளை மாட்டினால் குதிரையும் மாட்டினதுதான், நடுவில் விட்டுவிட முடியாது. எம்மெட்டின் சுருக்கு கொம்பில் சரியாகத்தான் விழுந்தது. இடப்பக்கம் ஓட வேண்டிய காளை சட்டென்று குதிரைக்குப் பின்னால் புகுந்து வலப்பக்கம் பாய்ந்தது. கயிறு விறைத்தது. ஹேசல் என்ற அந்தச் செம்பழுப்புக் குதிரை எம்மெட்டின் காலோடு பக்கவாட்டில் சாயத் தொடங்கியது. அது எதில் போய் முடியும் என்பதை எல்லாரையும்விட முதலில் பார்த்தவர் டெல்மர். அவர் கை தூக்கியபடியே நின்றுவிட்டது. குதிரையும் சாய்ந்தபடியே நின்றது. கிளம்பிய புழுதி கிளம்பிய இடத்திலேயே நின்றது.

இருட்டும்வரை பார்த்துவிட்டு நாங்கள் வீட்டுக்குப் போய் பீன்ஸ் சாப்பிட்டோம். மறுநாளும் அப்படியேதான் இருந்தது. அந்த வசந்தத்தில்தான் எம்மெட்டைக் கல்யாணம் கட்டியிருந்த கோரின் அவனைப் பிடித்து இழுத்துவிடலாம் என்று ஓடினாள். எவ்வளவு நடந்தாலும் அவனுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கை தூரம் மிச்சமிருந்தது. முடியாத ஓட்டத்துக்குள் வெளியாள் நுழைய முடியாது, அவ்வளவுதான். பிறகு ரோடியோவைப் பக்கத்து மேய்ச்சல் நிலத்துக்கு மாற்றினோம். டீன் மட்டும் அங்கே வரமாட்டேன் என்றுவிட்டான், அவன் முறை இங்கேதானாம். டெல்மரின் கிழட்டுக் குதிரை அவர் உட்கார்ந்திருக்கும்போதே செத்தது. கையைத் தாங்கிப் பிடித்து அவரை வேறொரு குதிரைக்கு மாற்றினோம். மாமனாருக்குச் சோறு ஊட்டுவதும் காபி புகட்டுவதும் கோரின் வேலையானது.

அவர் கை ஒரு விரல் தணிந்தால் ஹேசலும் ஒரு விரல் சாய்கிறது என்று முதலில் கண்டதும் அவள்தான். கவட்டை மரம் ஒன்றை வெட்டி அவர் முழங்கைக்கு முட்டுக் கொடுத்தோம். விடிவதற்குள் அது நெட்டுக்குத்தாகப் பிளந்து கிடந்தது. அடுத்ததும் பிளந்தது. மூன்றாவதை வெட்ட யாருக்கும் மனசு வரவில்லை. நாய்கள் அந்த வேலிப் பக்கம் போவதை நிறுத்தின. பனி கொட்டும் மாதங்களிலும் ஹேசலுக்கு அடியில் நிழல் கறுப்பாகக் கிடந்தது, வருடா வருடம் சுருங்கி மண்ணோடு ஒட்டியது. காலையில் மாட்டுக்குத் தீனி போடப் போகும்போது முதலில் அந்த நிழலைத்தான் பார்ப்போம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, பயமாக இருந்தது எங்களுக்கு.

எம்மெட் பேசிக்கொண்டிருந்தான். ஒரு சொல் வெளியே வர ஒரு குளிர்காலம் முழுக்க ஆனது. முதலில் வந்தது “அப்பா”. அடுத்தது என்னவாக இருக்கும் என்று ஊரே காத்திருந்தது. கோரின் பெயர்தான் என்றார்கள் பெண்கள். கடவுளைக் கூப்பிடுவான் என்றார் பாதிரியார். இன்னும் இரண்டு குளிர்காலம் கழித்துக் கோரின் அதைக் கோத்துச் சொன்னாள்: “அப்பா, ஹேசலுக்கு வலிக்குது.”

அன்று அவள் ஏணி வைத்து ஏறி மாமனார் பக்கத்தில் நின்றாள்.

“மாமா, அவரு சொன்னது காதுல விழுந்துச்சா?”

“விழல.”

“விழுந்துச்சு மாமா. கொடியைக் குடுங்க. இது உங்களால ஆகாது.”

“என் பையன்மா அவன்.”

“என் புருஷன் மாமா.”

டெல்மர் விரல்களைத் திறந்தார். அவள் கொடியை வாங்கி உயரத் தூக்கிப் பிடித்தபடி எம்மெட்டின் முகத்தைக் கண்ணாரப் பார்த்தாள். பிறகு இறக்கினாள்.

புழுதி அடங்க நேரமானது. ஹேசல் எழுந்து உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. எம்மெட் எழவில்லை. மேடையில் தலை முழுக்க நரைத்திருந்த அறிவிப்பாளர் ஆர்வில் மைக்கை எடுத்து, தோற்ற ஓட்டத்துக்கு எப்போதும் சொல்வதையே சொன்னார்: “எம்மெட் யேட்ஸ். நேரக் கணக்கு இல்லை. இன்னைக்கு இவருக்குக் கிடைக்கப்போறது உங்க கைதட்டல் மட்டும்தான், ஜனங்களே.” தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளங்கை எரியும்வரை தட்டினோம். அழாதவர்கள் யாரும் இல்லை. அவனை அடக்கம் செய்த மறுநாள் டீன் ஹாஃப்மன் பெயரைக் கூப்பிட்டார்கள். வழுக்கைத் தலையோடு வந்தான், கயிற்றை வீசினான், தவறவிட்டான்.

டெல்மரின் கை அதற்குப் பிறகும் இறங்கவில்லை. வெறும் கையைத் தூக்கிக்கொண்டுதான் கடைக்கு வருகிறார், சர்ச்சில் உட்காருகிறார். கோரின் அவருடைய சட்டைகளின் தோளைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கிறாள். நெடுஞ்சாலையில் போகிற வெளியூர்க்காரர்கள் தங்களுக்குத்தான் கை காட்டுகிறார் என்று நினைத்துத் திரும்பக் கை காட்டுகிறார்கள். நாங்களும் காட்டிவிட்டுப் போகிறோம்.