அம்மாவின் தூக்கத்தை விழுங்கிய டிரவுட்

அம்மாவின் தூக்கத்தை மீன் விழுங்கி இன்றோடு பத்து நாள். அதைப் பிடிக்கத் தூண்டிலில் நான் கட்டிக்கொண்டு வந்த பொய்ப்பூச்சி கறுப்பு. ஓடையிலிருந்து எழும்பிக்கொண்டிருந்த பூச்சிகள் அத்தனையும் வெள்ளை.

கொழுந்து பறித்துவிட்டு வந்து ஓடையில் கால் கழுவும்போது அம்மா கண்ணசந்திருக்கிறாள். தூக்கம் நழுவித் தண்ணீரில் விழுந்தது. டிரவுட் மீன் வாயைத் திறந்தது. அவ்வளவுதான். அன்றிலிருந்து ராத்திரியெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நேற்று குழம்பில் சோப்புத்தூளைப் போட்டாள்.

பத்தாம் நாள் தாண்டினால் தூக்கம் மீனுக்கே சொந்தம். பூச்சி எழும்பும்போதுதான் அந்த மீன் மேலே வரும். ஒன்பது நாளும் மழை, ஒரு பூச்சிகூட எழும்பவில்லை. இன்று கரைப் பலகையில் எழுதியிருந்தார்கள்: ‘வெள்ளை. 5.40 முதல் 6.20 வரை.’ 6.20க்குப் பிறகு எடுக்கும் தூக்கம் செல்லாது.

தூக்கத்தைத் தொலைத்தவரின் தலைமுடியில் பூச்சி கட்ட வேண்டும் என்பது விதி. கட்டியிருந்தேன். பத்து தடவை வீசினேன். மீன் பக்கத்தில் வந்து மோந்துவிட்டுத் திரும்பியது.

ஓடையில் மீன்பிடிக்கச் சீட்டுக் கொடுக்கும் போஜன் அண்ணன் தூண்டிலை வாங்கிப் பார்த்தார்.

“சாயம்டா இது.”

“எங்கம்மாவுக்கு நரையே கிடையாதுண்ணே.”

“இந்த ஊர்ல அதை நம்புற ஒரே ஆளு நீதான்.”

முடியை வெளிச்சத்தில் பிடித்தேன். வேர்ப்பக்கம் அரிசி நீளத்துக்கு வெள்ளை. தூக்கம் போனதிலிருந்து அவள் சாயம் பூசவில்லை. நூலைப் பல்லால் கடித்து அவிழ்த்து, வெள்ளை நுனி வெளியே தெரிகிற மாதிரி திருப்பிக் கட்டினேன். இரண்டு முறை முடிச்சு நழுவியது. மணி 6.09.

வீசினேன். விழுந்த உடனே கவ்வியது.

வலையில் ஏந்தி, ஆழமில்லாத தண்ணீரில் வைத்துக்கொண்டேன். மீன் தூங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் அதே குறட்டை, நடுவில் ஒரு சின்ன விசிலோடு.

“கன்னத்துல ரெண்டு தட்டு தட்டு. முழிச்சா தூக்கம் வெளிய வந்துரும், டிபன் பாக்ஸ்ல பிடிச்சுக்க” என்றார் போஜன் அண்ணன்.

கையை ஓங்கினேன். மீன் வாயசைத்தது. அம்மாவின் குரல்.

“அஞ்சே நிமிஷம்டா தம்பி.”

பள்ளிக்கூடம் போன காலத்தில் தினமும் நாலரைக்கு அவளை உலுக்கி எழுப்புவேன், எனக்கு பஸ் போய்விடும் என்று. தினமும் அஞ்சு நிமிஷம் கேட்பாள். ஒரு நாளும் கொடுத்ததில்லை. அப்புறம் பள்ளிக்கூடத்தையே விட்டுவிட்டேன்.

மணி 6.14. ஐந்து நிமிடம் போனாலும் ஒரு நிமிடம் மிச்சம். கணக்கில் நான் ஃபெயில்தான், ஆனாலும் இது சரியாகத்தான் வருகிறது. டிபன் பாக்ஸைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டேன்.

6.17க்கு, மேலே பறந்த பூச்சிகள் ஒவ்வொன்றாக இறங்கி, சிறகை மடித்துக் கரையில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் திரும்பிப் போகத் தொடங்கின. போஜன் அண்ணன் சிறகுகளைக் கூட்டி அள்ளினார்.

“தட்டுடா!” என்றார்.

நான் தட்டவில்லை.