சத்தமில்லாமல் வெடித்த கடுகு

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு திருட்டுப் பட்டம் வேண்டாம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஒருவர் இதை என்னிடம் ரகசியமாகச் சொன்னார். “யாருகிட்டயும் சொல்லாதீங்க பெரியவரே” என்று தொடங்கினார். ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். சூளகிரியில் இறங்க வேண்டிய ஓர் அம்மாள், கதை முடியவில்லை என்பதால் இறங்கவில்லை. அவ்வளவு ரகசியம்.

ஆகவே இது ஒரு முழுப் பேருந்துக்குச் சொந்தமான கதை. மற்றவர்கள் எழுதக் காணோம், நான் எழுதுகிறேன். நான் வாழ்நாளில் பொய் சொன்னதில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இந்த வரியைப் படித்ததும் ஏன் சிரிக்கிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

முதல் தடவை: ஓசூரில் அன்றைக்கு நல்ல மழை

நிறுத்திவிட்டேன். மழை பெய்ததாக அவர் சொல்லவில்லை.

இரண்டாம் தடவை: முனிவேல் பிணங்களைப் பற்றி எழுதிப் பிழைத்து வந்தா

இது பாதிதான் உண்மை. எழுதினார், பிழைக்கவில்லை. அந்த எழுத்துக்கு ஒரு பைசா வராது.

மூன்றாம் தடவை: 2006ஆம் வருடம் பின்லாந்திலிருந்து ஓசூருக்கு ஒரு மண்டையோடு தபாலில் வந்தது.

இதையே வைத்துக்கொள்கிறேன். மண்டையோடு ஒரு பாட்டு சிடியின் அட்டையில் படமாகத்தான் இருந்தது. ஆனால் கதைக்கு முதல் வரி என்பது கல்யாணத் தரகர் மாதிரி. கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும்.

3

பேருந்தில் கதை சொன்ன முனிவேல் ‘அவர்’. கதைக்குள் வந்துவிட்டால் ‘அவன்’தான். உள்ளே வருகிறவர்களுக்கெல்லாம் நாற்காலி போட இங்கே இடமில்லை.

முனிவேல் நாகரசம்பட்டிக்காரன். ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் இன்ஸ்பெக்டர். பிரஸ் ஷாப் என்பது வீட்டு உயரத்துக்கு எந்திரங்கள் வரிசையாக நின்று இரும்புத் தகட்டைக் குத்துகிற இடம். ஒவ்வொரு குத்துக்கும் தரை ஒருமுறை விக்கும். உள்ளே ஆட்கள் ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். குத்தி விழுந்த உருப்படியை எடுத்து, விளிம்பைத் தடவிப் பார்த்து, ‘ஓகே’, ‘ரீவொர்க்’, ‘ரிஜெக்ட்’ என்ற மூன்றில் ஒன்றை எழுதுவது முனிவேலின் வேலை. ஓகே என்றால் போகலாம். ரீவொர்க் என்றால் திருத்திக்கொண்டு வா. ரிஜெக்ட் என்றால் கழிவுத் தொட்டி.

இதே மூன்று சொற்களை வைத்து அவன் உலகத்தின் கொடூரமான இசையையும் தரம் பிரித்துக்கொண்டிருந்தான். டெத் மெட்டல், பிளாக் மெட்டல் என்று அதில் பல கிளைகள். பாட்டெல்லாம் பிணமும் சுடுகாடும்தான். கிதார் ரம்பம்போல அறுக்கும். டிரம், தகரக் கொட்டகைமேல் ஆலங்கட்டி மழை. பாடுகிறவன் பாடமாட்டான், தொண்டையில் எலும்பு சிக்கிய நாய் பஞ்சாயத்தில் நியாயம் கேட்பதுபோல உறுமுவான். கடையில் கிடைக்காது. சில நூறு சிடி மட்டும் அடித்து, தபாலில் அனுப்பி, தங்களுக்குள்ளேயே கேட்டு, தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொள்ளும் கூட்டம். பெங்களூரில் ராஜேஷ்குமார் என்கிற கம்ப்யூட்டர்காரன் இதற்கென்று ஓர் இணையதளம் நடத்தினான். புதிதாக வரும் சிடிகளை முனிவேலுக்கு அனுப்பிவைப்பான். முனிவேல் கேட்டு எழுதுவான்.

முனிவேலுக்குத் தெரிந்த ஆங்கிலம் கம்பெனி அறிக்கையில் எழுதும் ஆங்கிலம் மட்டும்தான். ‘குரல்: விளிம்பில் பிசிறு, ஓகே. மூன்றாம் பாட்டு: விரிசல், ரிஜெக்ட்.’ மொத்த விமர்சனமும் அவ்வளவுதான். ராஜேஷ்குமார் இதைப் புதுவிதமான இலக்கிய நடை என்று நினைத்துக்கொண்டான். அப்படியே உலகமும் நினைத்துக்கொண்டது. ரீவொர்க் வாங்கிய போலந்துப் பாடகன் ஒருவன் அந்தச் சொல்லை முதுகில் பச்சை குத்திக்கொண்டான்.*

எதையும் மன்னிக்காத அந்தக் காதுக்கு அவர்கள் கூட்டத்தில் ‘ஓசூர்க் காது’ என்றே பெயர். கனமான, இருட்டான ஒலிதான் அதற்குப் பிடிக்கும். ‘மேலே மினுமினுப்பு இல்லை’ என்று முனிவேல் எழுதிவிட்டால் அதுதான் உச்சபட்சப் பாராட்டு. கம்பெனியில் அவனுக்கு ஒரு டோக்கன் நம்பர் இருந்தது. குடியிருந்த இடத்தில் அவன் ‘மாடி போர்ஷன்’. இந்த உலகத்தில் அவன் சம்பாதித்த பெயர் என்றால் அந்தக் காது ஒன்றுதான்.

* முதுகிலா, தோளிலா என்று கேட்டேன். பேருந்து அப்போது மேம்பாலம் ஏறிக்கொண்டிருந்தது.

4

பின்லாந்து சிடி வந்த அன்று முனிவேலுக்கு வார விடுமுறை. தபால்காரர் போனதும் உறையைப் பிரித்து மண்டையோட்டை வெளியே எடுத்தான். அவன் மனைவி ரஞ்சிதா, சொந்த அத்தை மகள், கல்யாணமாகி நான்கு வருடம், சமையலறையிலிருந்து [                              ]

(இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும். அப்புறம் வந்து முடிக்கிறேன்.)

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தான். முதல் பாட்டிலேயே முதுகு நிமிர்ந்துவிட்டது. டிரம்முக்கு மேலே பித்தளைத் தட்டுகள் தொங்குமே, அவற்றைக் காணோம். அடிவயிற்றில் இடிக்கும் அடி மட்டும் இருக்கிறது. அதற்குமேல் வெறும் இருட்டு. இரண்டாம் பாட்டிலும் இல்லை. கடைசிவரை இல்லை. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு துணிச்சலை அவன் கேட்டதில்லை. எழுதினான்: ‘டிரம்: பித்தளைத் தட்டுகள் முழுவதுமாக நீக்கப்பட்டுள்ளன. இந்த ஆண்டின் மிகத் துணிச்சலான முடிவு. ஓகே.’

எழுதி முடித்து நிமிர்ந்தபோது கதவருகே ரஞ்சிதா நின்றிருந்தாள். அவள் [                              ]

(இதுவும்தான்.)

5

விமர்சனம் இணையதளத்தில் வெளியானதும் பின்லாந்திலிருந்து பதில் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துப் பிரவுசிங் சென்டரில் முனிவேல் அதைப் படித்தான். டிரம் அடித்தவனே எழுதியிருந்தான், மிகவும் மரியாதையாக. பாராட்டுக்கு நன்றி, ஆனால் முதல் பாட்டிலிருந்து கடைசிவரை நான் பித்தளைத் தட்டுகளை அடித்துக்கொண்டேதான் இருக்கிறேன், மணிக்கட்டு வீக்கம் இன்னும் வடியவில்லை, ஒருவேளை உங்களுக்கு வந்த சிடி வழியில் சேதமாகிவிட்டதா?

முனிவேல் அந்தக் கடிதத்தை, இரும்புத் தகட்டில் விரிசல் தேடுவதுபோல, விளிம்பிலிருந்து விளிம்புவரை பார்த்தான். விரிசல் இல்லை. வெளியே வந்து ராஜேஷ்குமாருக்கு போன் போட்டான்.

“பாஸ், அந்தத் தட்டுச் சத்தம் காதைக் கிழிக்குது. நீங்க கிண்டல் பண்ணி எழுதியிருக்கீங்கன்னு நெனச்சில்ல போட்டேன்?” என்றான் ராஜேஷ்குமார். பிறகு அவனே தொடர்ந்தான். “சரி விடுங்க. சிடில கீறல்னு ஒரு வரி போட்டுடுங்க. மேட்டர் ஓவர்.”

முனிவேல் உள்ளே திரும்பிப் போனான். ‘ஆம், சிடி சேதமடைந்திருந்தது’ என்று தட்டினான். அனுப்பும் பட்டன்மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்தான். வைத்தபடியே இருந்தான். கடைக்காரர் வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லியிருக்க வேண்டும்; தோளைத் தொட்ட பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. அனுப்பாமல் எழுந்து வந்தான்.

6

கதையை இங்கே சற்று நிறுத்தி, காதுப் பரிசோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ‘கம்பெனியில் வருடாவருடம் காதைச் சோதிப்பார்களே ஐயா’ என்று விவரம் தெரிந்தவர் யாராவது எழுதிக் கேட்பீர்கள்.

சோதிப்பார்கள். முதலுதவி அறையில் சாந்தம்மா என்கிற நர்ஸ். காதில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, எதிரே உட்கார்ந்து எந்திரத்தைத் தட்டுவார். ‘பீப்’ கேட்டால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். கேட்கவில்லையென்று தெரிந்தால் ஸ்டோருக்கு மாற்றிவிடுவார்கள். ஓவர்டைம் போய்விடும். ஆகவே பிரஸ் ஷாப் முழுக்க ஒரு வித்தை பழகியிருந்தது: சாந்தம்மாவின் வளையலைப் பார்ப்பது. வளையல் சரிந்தால் தட்டிவிட்டார் என்று அர்த்தம், அழுத்து. வருடாவருடம் எல்லாருக்கும் கழுகுக் காது. ஒருநாள் சாந்தம்மா கொசு அடித்தார். அந்தச் சத்தம்கூட எதிரே இருந்தவனுக்குக் கேட்டுவிட்டது.

முனிவேலும் வளையலைப் பார்த்துத்தான் அழுத்திக்கொண்டிருந்தான். எல்லாரும் செய்வதுதானே என்றுதான் செய்தான். தனக்கு அது தேவைப்படுகிறது என்று அவன் நினைக்கவே இல்லை.

7

வீட்டுக்கு வந்தான். ரஞ்சிதா [                              ]

அவன் ஹெட்ஃபோனை எடுத்து அவள் காதில் மாட்டினான். இத்தனை வருடத்தில் முதல் தடவை. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாள்.

“இன்னா கேக்குது?”

“கத்தறான். பாவம், அவன்கிட்ட யாரோ சொல்லக்கூடாததைச் சொல்லிட்டாங்க போல.”

“அத விடு. வேற?”

“மேலாக்க கடுகு வெடிக்குது.”

“இன்னாது?”

அவள் அவன் பக்கம் முகத்தைத் திருப்பி நிதானமாகச் சொன்னாள். “தாளிக்கறப்போ கடுகு வெடிக்குமே மாமா, அந்தச் சத்தம். விடாம வெடிச்சிகினே இருக்குது.”

கடைசியாகக் கடுகு வெடித்து எப்போது கேட்டோம் என்று முனிவேல் யோசித்துப் பார்த்தான். கல்யாணமான புதிதில் கேட்ட ஞாபகம். அதற்கப்புறம் இந்த வீட்டில் கடுகே போடவில்லையா? நேற்றுச் சாப்பிட்ட ரசத்தில் மிதந்ததே.

சமையலறைக்குப் போய் அடுப்பைக் காட்டினான். ரஞ்சிதா வாணலியை வைத்து எண்ணெய் விட்டாள். காய்ந்ததும் ஒரு சிட்டிகை கடுகைப் போட்டாள். முனிவேல் குனிந்து பார்த்தான். கடுகு அசைந்தது. பிறகு ஒன்று எம்பியது. பிறகு எல்லாம் எம்பின. வாணலியிலிருந்து குதித்து அடுப்பில் விழுந்தன, மேடையில் விழுந்தன. ஒன்று அவன் கையில் விழுந்து சுட்டது. சத்தம் மட்டும் இல்லை. டிவியில் சத்தத்தை அணைத்துவிட்டுக் கலவரம் பார்ப்பதுபோல இருந்தது.

“இப்போ வெடிக்குதா?” என்றான்.

“வெடிக்குது மாமா.”

“இப்போ?”

“இன்னும் வெடிக்குது.”

சுட்ட இடத்தைத் தேய்க்கவும் தோன்றாமல் நின்றான். வாணலி கருகத் தொடங்கியது. அவள் அடுப்பை அணைத்தாள். அப்போதுதான் அவனுக்கு அடுத்தது உறைத்தது.

“நீ உள்ளருந்து எங்கிட்ட பேசுவியா ரஞ்சி?”

“பேசிகினுதான் இருக்கேன். நாலு வருசமா.”

“நான் ஒண்ணும் சொல்லலைன்னா, ஏன்னு கேக்கமாட்டியா?”

“ஆம்பளைங்க அப்பிடித்தான், பதில் வராதுன்னு அம்மா சொல்லித்தான் அனுப்பிச்சாங்க.”

8

இதுவரை எழுதிவிட்டு, காபி குடித்தபடி முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். காபி கையிலேயே ஆறிப்போயிற்று.

அடைப்புக்குறிகளை நீங்கள் கவனித்திருப்பீர்கள். மூன்றையும் நான் சோம்பேறித்தனத்தால் விட்டதாகத்தான் நினைத்திருந்தேன். ‘அப்புறம் வந்து முடிக்கிறேன்’ என்று எழுதியது என் கைதான். ஆனால் மூன்றுமே ரஞ்சிதா வாய் திறக்கும் இடங்கள். முனிவேலின் காதருகே நின்றுகொண்டு கதை சொன்னேன். அவன் காதில் விழாதது என் பேனாவிலும் விழவில்லை. மண்டையோட்டுக்கு ஒரு முழு வரி கொடுத்திருக்கிறேன். கொசுவுக்குக்கூட இடம் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெண் ஏழாம் பகுதிவரை ஒரு சொல் பேசவில்லை. நானும் அதைக் கவனிக்கவில்லை.

9

முடிவுகள் கைவசம் சில உண்டு.

ஒன்று: ‘சிடி சேதம்’ என்ற பதில் பின்லாந்துக்குப் போகிறது. ஓசூர்க் காது பிழைக்கிறது. வசதியான முடிவு. ஆனால் இதை எழுதினால் சாந்தம்மாவின் வளையலைப் பார்த்து நானும் பட்டனை அழுத்தியதாக ஆகும்.

இரண்டு: புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து விமர்சனம் எழுதுகிறார்கள். கீழ்ச்சத்தம் அவன், மேல்சத்தம் அவள். பத்திரிகைக்காரர்களுக்கு இது மிகவும் பிடிக்கும், போட்டோகூடப் போடுவார்கள். ராஜேஷ்குமார் இந்த யோசனையைச் சொல்லவும் சொன்னானாம். “எனக்கு வேற வேலை இல்லையா?” என்று ரஞ்சிதா கேட்டுவிட்டாள்.

மூன்று: பின்லாந்துக்காரன் அடுத்த சிடியில் நிஜமாகவே பித்தளைத் தட்டுகளைத் தூக்கி எறிந்துவிட்டு, அதை முனிவேலுக்குச் சமர்ப்பணம் செய்தான். பேருந்தில் அவர் இதைச் சத்தியம் செய்தார். நம்பினேன் என்று நான் சொல்லவில்லை. எழுதினேன் என்றுதான் சொல்கிறேன்.

நடந்தது இது. மறுநாள் முனிவேல் பிரவுசிங் சென்டருக்குப் போனான். முதல்நாள் தட்டியதை அழித்தான். புதிதாகத் தட்டி, பின்லாந்துக்கும் ராஜேஷ்குமாருக்கும் சேர்த்தே அனுப்பினான்: ‘சிடி: ஓகே. இன்ஸ்பெக்டர்: ரிஜெக்ட்.’ அதுதான் அவனுடைய கடைசி விமர்சனம்.

10

அன்றைக்கு அவர் கிருஷ்ணகிரிக்குப் போய்க்கொண்டிருந்ததும் அந்தக் காதுக்காகத்தான். முன்பின் தெரியாத டாக்டர். அங்கே கண்ணை மூடிக்கொண்டு காதைச் சோதித்துக்கொள்ளப்போவதாகச் சொன்னார். “அப்புறம் பிரஸ் ஷாப்ல இருக்கமுடியாது, தெரியும்” என்றார். அதையும் ஊருக்கே கேட்கும்படித்தான் சொன்னார்.

நாலு வருடம் என்ன பேசினாய் என்று ரஞ்சிதாவிடம் கேட்டாராம். எல்லாவற்றையும் இப்போது திரும்பச் சொல்ல முடியாது என்றாளாம் அவள். அந்த நேரத்துக்குச் சொன்னது அந்த நேரத்தோடு போயிற்று. ஆனால் ஒன்று மட்டும் சொல்கிறேன் என்று, எதிரே வந்து உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாளாம்.

“இன்னா சொன்னாங்க?” என்றேன் நான். பேருந்தே கேட்டுக்கொண்டிருந்தது.

அவர் சொன்னார். அந்தப் பயணத்தில் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டது. இறங்கிப் போய்விட்டார்.

முன் இருக்கையில் அந்தச் சூளகிரி அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஆள் கடைசியில் என்ன சொன்னார் என்று அவளைத் தொட்டுக் கேட்டேன். அவள் திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நல்லாத்தானே சொன்னாரு,” என்றாள். “உங்களுக்குக் கேக்கலையா பெரியவரே?”

அடைப்புக்குறிகளில் இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறேன். காது கேட்கிறவர்கள் நிரப்பிக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு வீடு திரும்பும்போது கடையில் கொஞ்சம் கடுகு வாங்கிக்கொண்டு வந்தேன். பொட்டலம் இதோ மேசைமேல் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை.